மூளை ரத்தக்குழாய் காயிலிங்குக்கு மயக்கம்: பி.பி. எவ்வளவு, ஹெபாரின் எப்போது, நடுவில் வெடித்தால் என்ன?

இறுதியாண்டு_மயக்கவியல்

அடுத்த சுற்றுக்கு என்னை நியூரோ ஆஞ்சியோ அறையில் போட்டிருக்கிறார்கள். மண்டையோட்டைத் திறந்து செய்யும் கேஸ்களுக்கு மயக்கம் கொடுத்துப் பழக்கம் உண்டு. தொடை இடுக்கு வழியாகக் கத்தீட்டர் விட்டுச் செய்யும் காயில் (புடைப்புக்குள் உலோகச் சுருள் நிரப்பி அடைப்பது), ஸ்டென்ட், எம்போலைசேஷன் (குழாயை உள்ளிருந்தே அடைப்பது) எல்லாம் புதிது. வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை, நோயாளி அசையாமல் இருந்தால் போதும் என்றுதான் மேலோட்டமாகப் படித்தால் தோன்றுகிறது. ஆனால் அந்த அறைக்குப் போய்வரும் சீனியர்கள் யாரும் இதை அவ்வளவு லேசாகப் பேசக் காணோம்.

வெடிக்காத அனியூரிசத்துக்கு (ரத்தக்குழாய்ச் சுவரில் பலூன்போன்ற புடைப்பு) காயில் வைக்கும்போது பி.பி.யை எங்கே வைத்திருப்பது? ஒரு புத்தகம் குறை என்கிறது, இன்னொன்று கூட்டு என்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் எப்போது, எவ்வளவு, ஏ.சி.டி. (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) எதுவரை? நடுவில் வெடித்துவிட்டால் என் கை முதலில் எதற்குப் போக வேண்டும்? பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியை எடுக்கும் கேஸில் முழு மயக்கமா, செடேஷனா (லேசான உறக்கமா) என்பதையும் யாராவது தொட்டுப் பேசினால் நல்லது.

சிரைவழி

இரண்டு புத்தகமும் சரிதான். ஒன்று அனியூரிசம் இன்னும் அடைபடாத நேரத்தைச் சொல்கிறது, மற்றது நல்ல ரத்தக்குழாய் அடைபட்டுவிட்ட நேரத்தைச் சொல்கிறது. ஒரே கேஸில் கால் மணி நேர இடைவெளியில் இரண்டுமே வரலாம். அதனால் ஒரே எண்ணைச் சார்ட்டில் எழுதிவைத்து உட்கார்ந்திருப்பது இங்கே செல்லாது. கத்தீட்டர் நுனி இப்போது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே பி.பி. இலக்கு. மானிட்டரைப் பார்ப்பதுபோலவே ஆஞ்சியோ திரையையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேஸ் தொடங்கும் முன் ஆபரேட்டரிடம் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: பலூன் உதவியோடு செய்கிறாரா, ஸ்டென்ட் வைக்கும் திட்டம் உண்டா, எந்த வழியாக உள்ளே போகிறார்.

மயக்கத்தில் ஆழ்த்தும்போதிலிருந்து வருகிறேன். வெடித்த அனியூரிசமானால் அது அடைபடும்வரை சிஸ்டாலிக் 160க்கு மேல் போக விடாதீர்கள். டியூப் போட லாரிங்கோஸ்கோப் உள்ளே போகும் அந்தச் சில விநாடிதான் ஆபத்து. ஃபென்டனில் கிலோவுக்கு 2 முதல் 3 மை.கி. கொடுத்து, அது வேலை செய்ய மூன்று நான்கு நிமிடம் விட்டு, புரோப்போஃபாலைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். டியூப் போடுவதற்கு ஒன்றரை நிமிடம் முன்னால் லிக்னோகெயின் கிலோவுக்கு 1.5 மி.கி. கொடுக்கலாம். பி.பி.யை இறக்கும் எஸ்மலால் சிரிஞ்சில் தயாராக இருக்கட்டும், கிலோவுக்கு 0.5 மி.கி. கணக்கில். மறுபக்கம், பி.பி. சரிந்து கிடக்கவும் விடக்கூடாது. வெடித்த கேஸில் மண்டைக்குள் அழுத்தம் ஏற்கெனவே கூடியிருக்கும். சராசரி அழுத்தம் இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் அதே அளவுக்கு அடிவாங்கும்.

பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அனியூரிசச் சுவரை உள்ளிருந்து தள்ளும் விசை என்பது ரத்த அழுத்தத்துக்கும் மண்டையோட்டு உள்ளழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். பி.பி. அப்படியே இருக்க, வெண்ட்ரிக்கிள் (மூளையின் உள் அறை) வடிகுழாய் வழியாகத் தண்டுவட நீர் சட்டென்று நிறைய வடிந்துவிட்டாலும் அந்த வித்தியாசம் கூடிவிடும். நோயாளியை வார்டிலிருந்து கொண்டுவரும்போதும் மேசைக்கு மாற்றும்போதும் வடிகுழாயை மூடிவையுங்கள். மேசையில் படுக்கவைத்து, அளவைக் காதுத்துவார மட்டத்துக்குச் சரிசெய்த பிறகு திறங்கள். மூடிய குழாயைத் திறக்க மறந்துபோவதும் அதே அளவு கெட்டது.

ஆர்ட்டரி லைன் கட்டாயம். கத்தீட்டர் உள்ளே போகும் வாசல் குழாயான ஷீத்தின் பக்கக் குழாயில் அழுத்தம் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். ஷீத்துக்குள்ளே இன்னொரு கத்தீட்டர் ஓடும்போது அலை மழுங்கிப்போய் சிஸ்டாலிக் குறைவாகக் காட்டும். சராசரி ஓரளவுக்கு நம்பத்தக்கது, அவ்வளவுதான். இப்போது பலர் வலது மணிக்கட்டு வழியாகவே உள்ளே போகிறார்கள். அதனால் ஆர்ட்டரி லைன், ஊசி வழி எல்லாவற்றையும் இடது கைக்கே கொண்டுபோவது நல்ல பழக்கம். மணிக்கட்டு வழி என்றால், ஷீத் போட்டதும் குழாய் சுருங்காமலிருக்க வெரபமில் 2.5 மி.கி.யும் நைட்ரோகிளிசரின் 200 மை.கி.யும் போலச் செலுத்துவார்கள். உடனே பி.பி. சற்று இறங்கும். காரணம் தெரியாமல் பி.பி. ஏற்றும் நார்அட்ரீனலினைத் தூக்கிவிடாதீர்கள், சில நிமிடத்தில் அதுவே சரியாகிவிடும்.

பராமரிப்புக்கு புரோப்போஃபாலும் ரெமிஃபென்டனிலும் ஓட்டலாம், அல்லது ஒரு மேக்குக்கு (மயக்க வாயு அளவின் அலகு) கீழே செவோஃப்ளுரேன் வைக்கலாம். ரெமிஃபென்டனில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 முதல் 0.2 மை.கி. ஊசி போட்ட பிறகு வலித் தூண்டல் பெரிதாக இல்லாததால் பி.பி. தானாகவே கீழே போகப் பார்க்கும். பலரும் மயக்கத்தைக் குறைத்து அதைச் சமாளிக்கிறார்கள். அது வம்பை விலைக்கு வாங்குவது. மயக்கம் அதே ஆழத்தில் இருக்கட்டும், ஃபினைலெஃப்ரினோ நார்அட்ரீனலினோ மெல்ல ஓட்டி பி.பி.யைத் தாங்குங்கள். தசைத் தளர்வைக் கடைசிக் காயில் வரை ஆழமாகவே வைத்திருங்கள். ரோட்மேப் என்பது அசையாத தலைமேல் பதித்த படம். நோயாளி ஒருமுறை இருமினால் திரையில் தெரியும் பாதை பொய்யாகிவிடும், ஆனால் மைக்ரோகத்தீட்டர் நிஜமான குழாய்க்குள்தான் இருக்கிறது. எம்.இ.பி. (மூளையைத் தூண்டித் தசையின் பதிலைப் பார்க்கும்) கண்காணிப்பு உண்டென்றால் தளர்வு மருந்தைத் தொடர முடியாது, வாயுவும் உதவாது. அப்போது முழுக்கச் சிரைவழி மயக்கம்தான், ரெமிஃபென்டனிலைச் சற்றுத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ட் டைடல் (மூச்சு விடும் முடிவில் அளக்கும்) கார்பன் டை ஆக்சைடு 35 முதல் 40 வரை இருக்கட்டும். மூளை அறுவையில் பழகிய கை இங்கும் தன்னறியாமல் 30க்கு இறக்கும். மூளையைச் சுருக்க வேண்டிய தேவை இங்கே இல்லை. குறைத்தால் குழாய்கள் சுருங்கி ஆபரேட்டருக்கு வழி கடினமாகிறது, ரத்த ஓட்டமும் குறைகிறது.

ஹெபாரின்: முதலில் அடிப்படை ஏ.சி.டி. ஒன்று எடுத்துவிடுங்கள். வெடிக்காத கேஸில் ஷீத் போட்டதும் கிலோவுக்கு 70 யூனிட் அளவில் கொடுப்பது வழக்கம். ஏ.சி.டி. அடிப்படையைப்போல் இரண்டு மடங்கோ சற்று மேலோ, அதாவது 250 முதல் 300 விநாடி. பிறகு மணிக்கொருமுறை பார்த்து 1000, 2000 யூனிட் என்று கூட்டுங்கள். வெடித்த கேஸில் முதல் காயில் நன்றாக அமர்ந்த பிறகே ஹெபாரின் தொடங்குவோர் உண்டு, இதில் ஆபரேட்டர் சொல்வதே கணக்கு. எத்தனை மணிக்கு எத்தனை யூனிட் என்பதைச் சுவரிலுள்ள போர்டில் பெரிதாக எழுதுங்கள். ஹெபாரினை முறிக்கும் புரோட்டமைனுக்குக் கணக்குப் போடும்போது சார்ட்டைப் புரட்ட நேரம் இருக்காது.

வெடித்தால் என்ன என்பதை காயில் வைக்கும் டாக்டர் யாராவது எழுதட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் கை என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் நம் கை என்ன செய்ய வேண்டும் என்பது புரியும்.

கேத்லேப்_டெக்

மருந்துக் கணக்கு டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். அறையைப் பற்றிக் கொஞ்சம்.

இங்கே நோயாளியின் தலை உங்கள் கையில் இருக்காது. தலைக்கு மேல் ஒரு சி-ஆர்ம் (எக்ஸ்ரே வளைவு), பக்கவாட்டில் இன்னொன்று. துணி போர்த்தி, இரண்டு ஆர்மும் உள்ளே வந்துவிட்டால் டியூபைத் தொடுவதற்கே எல்லாவற்றையும் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஆகவே துணி போர்த்துமுன் மேசையை இரு முனைக்கும் ஓடவிட்டுப் பாருங்கள், 3டி சுழற்சியை ஒருமுறை வெறுமனே சுற்றிப் பாருங்கள். சர்க்யூட், ஊசி லைன், ஆர்ட்டரி லைன் மூன்றுக்கும் எக்ஸ்டென்ஷன் போட்டு, மேசை கால்பக்கம் முழுக்கப் போனாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். ஆர்ம் சுற்றும்போது டியூபையே பிடுங்கிக்கொண்டு போகும் விபத்துக்குக் காரணம் பெரும்பாலும் தளர்வு இல்லாத லைன், அல்லது ஆர்ம் பாதையில் தொங்கும் லைன். ஊசி லைனில் எக்ஸ்டென்ஷன் நீளமாக இருந்தால் மருந்து அதிலேயே நின்றுவிடும். அவசர மருந்து கொடுத்ததும் 10 முதல் 20 மி.லி. சலைன் தள்ளாவிட்டால் எதுவும் உள்ளே போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரெமிஃபென்டனில் ஓடும் லைனில் அப்படித் தள்ளக்கூடாது, தேங்கி நின்றதெல்லாம் ஒரே மொத்தமாகப் போய்ச் சேரும். அதற்குத் தனி வழி வேண்டும்.

படத்தில் குறுக்கே வருபவை: கம்பிச்சுருள் உள்ள ஆர்மர்டு டியூப், பைலட் பலூன் வால்வுக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங், உணவுக்குழாய் வெப்பமானி, தோளில் ஒட்டிய இ.சி.ஜி. கம்பி. அந்த ஸ்பிரிங் 2 மி.மீ. அனியூரிசத்தின்மேல் நேராக விழுந்தால் காயில் எது, ஸ்பிரிங் எது என்று தெரியாது. பைலட் பலூனைக் கழுத்துக்குக் கீழே, மார்புப்பக்கம் இறக்கி ஒட்டுங்கள். வாய்வழி வயிற்றுக்குழாய் வேண்டும் என்றால் ஹெபாரினுக்கு முன்பே போட்டுவிடுங்கள். ஹெபாரினுக்குப் பிறகு மூக்குவழி எதைப் போட்டாலும் ரத்தம் கொட்டும்.

அழுத்தப் பைகள்: கத்தீட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெபாரின் சலைன் ஃப்ளஷ், 300 மி.மீ.க்கு ஊதியது, ஓடிக்கொண்டே இருக்கும். நான்கு பை ஓடினால் யாரும் கணக்கில் எழுதாத ஒரு லிட்டர் உள்ளே போயிருக்கும். வயதான இதய நோயாளிக்கு அது சின்ன விஷயமில்லை. பை காலியாகும் முன் மாற்ற வேண்டும், காற்று உள்ளே வந்தால் அது நேராக மூளைக்குத்தான் போகும். உங்கள் மணிக்கட்டு ஆர்ட்டரி லைனுக்கும் இது பொருந்தும். வேகமாக அழுத்தி ஃப்ளஷ் செய்தால் குமிழி பின்னோக்கி ஏறி மூளைக் குழாய்வரை போகும்.

கான்ட்ராஸ்ட் (குழாயைப் படத்தில் காட்டும் சாயம்) சிறுநீரைத் தள்ளும். யூரின் கத்தீட்டர் இல்லாமல் நீண்ட கேஸ் தொடங்காதீர்கள். கான்ட்ராஸ்ட் அலர்ஜி வந்தால் துணிக்குக் கீழே தடிப்பு யாருக்கும் தெரியாது. பி.பி. இறங்கி, மூச்சுப்பாதை அழுத்தம் ஏறினால் முதலில் துணியைத் தூக்கித் தோலைப் பாருங்கள்.

கதிர்வீச்சு: 0.5 மி.மீ. ஈயச் சமமுள்ள கவசம், கழுத்துக்குத் தைராய்டு காலர், கண்ணுக்கு ஈயக் கண்ணாடி. நீங்கள் மெஷினைப் பார்த்துத் திரும்பி நிற்பவர்கள், முதுகு திறந்த கவசம் உங்களுக்கு உதவாது. முழுக்கச் சுற்றுவதைக் கேட்டு வாங்குங்கள். தூரம் இரண்டு மடங்கானால் டோஸ் கால் பங்கு. டி.எஸ்.ஏ. ரன் (கான்ட்ராஸ்ட் செலுத்தி எடுக்கும் தொடர்படம்) எடுக்கும்போது ஃப்ளோரோவைவிட (சாதா நேரலை எக்ஸ்ரே) கதிர் பல மடங்கு, அப்போது திரைக்குப் பின்னால் போய்விடுங்கள். எக்ஸ்ரே டியூப் இருக்கும் பக்கம்தான் சிதறல் அதிகம், டிடெக்டர் பக்கம் குறைவு. நாற்காலி எந்தப் பக்கம் போடுவது என்பதை இதை வைத்து முடிவுசெய்யுங்கள். கண் லென்ஸுக்கு சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் சொன்ன வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட்.

இறுதியாண்டு_மயக்கவியல்

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ஸ்டென்ட் வைக்கும் நோயாளி பிளேட்லெட் ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஏற்கெனவே எடுத்திருப்பார். அவருக்கு வெடித்தால் புரோட்டமைன் கொடுத்து என்ன பயன்? பிளேட்லெட் பாதிப்பு அப்படியேதானே இருக்கும்? கொடுத்தால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளாதா?

நுண்வழி

காயில் வைக்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

வெடித்தால் திரையில் கான்ட்ராஸ்ட் குழாய்க்கு வெளியே புகைபோலப் பரவும். ஆனால் எப்போதும் நான்தான் முதலில் பார்ப்பேன் என்று நம்பாதீர்கள். கான்ட்ராஸ்ட் செலுத்தாத நேரத்தில் காயில் நுனி சுவரைத் துளைத்தால் திரையில் ஒன்றும் தெரியாது. பி.பி. திடீரென்று ஏறுகிறது, கூடவே நாடி இறங்குகிறது என்றால் அதை மயக்கம் ஆழமில்லை என்று எடுத்துக்கொண்டு புரோப்போஃபாலை மட்டும் தள்ளாதீர்கள். சத்தமாகச் சொல்லுங்கள்: "பி.பி. 210, நாடி 48." உடனே ஒரு ரன் எடுத்துப் பார்ப்பேன்.

வெடித்தது உறுதியானால் என் கை கத்தீட்டரைப் பின்னிழுக்காது. துளைத்த காயிலோ கத்தீட்டரோ அப்போதைக்கு அந்த ஓட்டைக்கு அடைப்பான். பலூன் இருந்தால் ஊதுவேன், இல்லாவிட்டால் இன்னும் காயில் அடைப்பேன். ரத்தத்தை நிறுத்தும் மிக விரைவான வழி இந்த மேசையிலேயே இருக்கிறது. உடனே தியேட்டருக்கு ஓடலாமா என்று கேட்காதீர்கள்.

உங்கள் கை முதலில் போக வேண்டியது புரோட்டமைனுக்கு. 100 யூனிட் ஹெபாரினுக்கு 1 மி.கி. ஹெபாரின் கொடுத்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதென்றால் ஏறத்தாழ பாதி போதும். சட்டென்று தள்ளினால் பி.பி. விழும், சில நிமிடத்தில் செலுத்துங்கள். மீன் அலர்ஜி உள்ளவருக்கும், புரோட்டமைன் கலந்த இன்சுலின் எடுத்துவந்தவருக்கும் கடும் எதிர்வினை வர வாய்ப்பு கூடுதல். ஹெபாரின் கொடுக்கும் அதே நிமிடத்தில் புரோட்டமைனையும் சிரிஞ்சில் எடுத்து லேபிள் ஒட்டித் தனித்தட்டில் வைத்துவிடுங்கள், ஆம்பூல் உடைத்துக்கொண்டு நிற்கும் நேரம் இல்லை அது. தனித்தட்டு என்று சொல்வதற்கும் காரணம் உண்டு: ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது தவறிப் புரோட்டமைனைத் தள்ளினால் குழாயே அடைத்துவிடும்.

அடுத்தது பி.பி. இதில் 'சிரைவழி' என்ன சொல்வாரோ தெரியாது, என் கருத்து இது: அந்த ஏற்றம் மண்டைக்குள் ஏறிய அழுத்தத்தை எதிர்த்து உடம்பு செய்யும் முயற்சி. 210ஐ 100க்கு இறக்கினால் கசிவு குறையலாம், மூளை முழுவதும் பட்டினி கிடக்கும். வெடிப்பதற்கு முன் எங்கே இருந்ததோ அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள், அதற்குக் கீழே வேண்டாம். புரோப்போஃபால் சிறு அளவுகளில் கொடுத்தால் பி.பி.யும் இறங்கும், மூளையின் ஆக்சிஜன் தேவையும் குறையும். 100 சதவீத ஆக்சிஜன், மூளை வீக்கத்தைக் குறைக்கும் மேனிட்டால் கிலோவுக்கு 0.5 முதல் 1 கிராம். கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் 30 முதல் 35க்குக் குறைக்கலாம். அடைப்பு முடிந்ததும் அதே மேசையில் ஃப்ளாட் பேனல் சி.டி. எடுத்து, வெண்ட்ரிக்கிளில் ரத்தம் இருந்தால் வடிகுழாய்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. புரோட்டமைன் ஹெபாரினை மட்டும்தான் முறிக்கும், பிளேட்லெட்டைத் தொடாது. ஆனால் அந்த நேரத்தில் நம் கையில் உடனே முறிக்க முடிந்தது ஹெபாரின் ஒன்றுதான், ஆகவே அதை முறிக்கிறோம். பிளேட்லெட் ஏற்றுவதா என்பது கசிவு நின்றதா, ஸ்டென்ட் விரிந்துவிட்டதா என்பதைப் பொறுத்து நான் சொல்ல வேண்டியது, நீங்களாக ஏற்ற வேண்டாம். ஸ்டென்ட் விரித்தாகிவிட்டது, கசிவும் நின்றுவிட்டது என்றால் பிளேட்லெட் ஏற்றுவது ஸ்டென்டை அடைக்கவே வழி. வெடித்த அனியூரிசத்துக்கே ஸ்டென்ட் தேவைப்படுகிறது என்றால், வடிகுழாய் போட்டு முடித்த பிறகுதான் பிளேட்லெட்டைத் தடுக்கும் மருந்துகளைத் தொடங்குவது வழக்கம்.

இதற்கு நேர் எதிரான சங்கடம் கட்டி உறைவது. காயில் கழுத்தில் வெள்ளையாகக் கட்டி ஒட்டும், பிறகு ஒரு கிளை திரையிலிருந்து காணாமல் போகும். அப்போது நான் கேட்பது பி.பி.யை அடிப்படையைவிட 20 முதல் 30 சதவீதம் கூட்டச் சொல்லித்தான், பக்கவழிக் குழாய்கள் வழியாகவாவது ரத்தம் போகட்டும் என்று. கூடவே ஏ.சி.டி. சரிபார்த்து, பிளேட்லெட்டைத் தடுக்கும் டைரோஃபிபான் அல்லது எப்டிஃபிபடைட். ஆனால் அனியூரிசம் இன்னும் பாதிதான் அடைபட்டிருக்கிறது என்றால் எவ்வளவு கூட்டுவது என்பதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிரைவழி

வெடிப்புக்கு முந்தைய அளவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த முந்தைய அளவு எது என்பது ஞாபகத்தில் இருக்காது. ஹெபாரின் போர்டிலேயே 'மைக்ரோகத்தீட்டர் உள்ளே போனபோது சராசரி 78' என்பதுபோல ஒரு வரி எழுதிவைத்தால் குழப்பம் இல்லை. வெடித்த பிறகு உடனே லேபெடலால் போன்ற நீடித்த மருந்துக்குப் போகாதீர்கள். அழுத்தம் அடங்கிய பத்தாவது நிமிடத்தில் பி.பி. தானே விழும், அப்போது அந்த மருந்து உள்ளே உட்கார்ந்துகொண்டிருக்கும்.

இரவுப்பணி

பக்கவாதக் கேள்விக்கு.

பழைய தொகுப்பாய்வுகள் முழு மயக்கம் கொடுத்தவர்கள் மோசமாகத் தேறினார்கள் என்றன. ஆனால் மயக்கம் கொடுக்கப்பட்டவர்கள் பலரும் முதலிலேயே மோசமாக இருந்தவர்கள், பி.பி.யும் விழ விடப்பட்டிருந்தது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வுகளில், ஹைடல்பர்க்கின் சியஸ்டா 2016, கோத்தன்பர்க்கின் ஆன்ஸ்ட்ரோக் 2017, ஆர்ஹுஸின் கோலியாத் 2018 மூன்றிலுமே முழு மயக்கம் நோயாளியைக் கெடுக்கவில்லை. காரணம் அங்கே பி.பி.யை விடாமல் பார்த்துக்கொண்டார்கள், நேரத்தையும் வீணாக்கவில்லை. எது என்பதைவிட எப்படி என்பதே இங்கே பெரிது.

வாந்தி எடுப்பவர், விழுங்க முடியாதவர், நினைவு மங்கியவர், பின்பக்கக் குழாய் அடைப்புள்ளவர், தலையை ஆட்டிக்கொண்டே இருப்பவர் இவர்களுக்கு முழு மயக்கமே பாதுகாப்பு. மற்றவர்களுக்குத் தொடை இடுக்கில் லிக்னோகெயினும் கொஞ்சம் டெக்ஸ்மெடிடொமிடினும் போதும், கிலோவுக்கு மணிக்கு 0.2 முதல் 0.7 மை.கி. லோடிங் டோஸ் வேண்டாம், பி.பி.யும் நாடியும் சேர்ந்து விழும். செடேஷனில் தொடங்கி நடுவில் துணிக்கடியில் டியூப் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. சந்தேகம் வலுத்தால் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

சிஸ்டாலிக் 140க்குக் குறையாமல், 180க்கு மேல் போகாமல். மயக்க மருந்துக்கு முன்பே வாசோபிரஸர் (பி.பி. ஏற்றும் மருந்து) லைனில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், விழுந்த பிறகு தூக்குவது தாமதம். ஆர்ட்டரி லைனுக்காக ஊசிபோடும் நேரத்தைத் தள்ளாதீர்கள். ஒரு முயற்சி, கிடைக்கவில்லையா, கையில் கட்டும் கஃபை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை வைத்துத் தொடங்குங்கள். கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் போனவருக்கு மூக்குவழி எதுவும் வேண்டாம்.

கட்டி வெளியே வந்ததும் பி.பி.யை நன்றாகக் குறைத்துவிடும் ஆசை வரும். எஞ்சாண்டட்2/எம்.டி. ஆய்வில் 2022இல் 120க்குக் கீழே இறக்கிப் பார்த்து, அப்படி இறக்கியவர்கள் மோசமானதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2023இல் ஆப்டிமல்-பிபி 140க்குக் கீழே இறக்கியதிலும் பலன் குறைவுதான். 180/105க்குக் கீழே இருந்தால் கையை வைக்காதீர்கள்.

நுண்வழி

ஏ.வி.எம்., ட்யூரல் ஃபிஸ்டுலா (தமனியும் சிரையும் தவறாக நேரே இணைந்துகிடப்பவை) கேட்கப்படவில்லை, ஆனால் அதே போஸ்டிங்கில் கட்டாயம் வரும்.

குழாயை அடைக்கச் செலுத்தும் ஓனிக்ஸ் கரைந்திருப்பது டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில். முதலில் மைக்ரோகத்தீட்டரை நிரப்ப டி.எம்.எஸ்.ஓ. மெல்லச் செலுத்துவோம். மிடில் மெனின்ஜியல் குழாய் வழியாகச் செய்யும்போது முக்கோண நரம்பு தூண்டப்பட்டு நாடி 30க்குச் சரியும், சில சமயம் நின்றே போகும். உடனே 'நிறுத்துங்கள்' என்று சொல்லுங்கள். செலுத்துவதை நிறுத்தினாலே பெரும்பாலும் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் அட்ரோபின் 0.5 மி.கி. மீண்டும் தொடங்கும்போது திரும்ப வரும் என்பதால் கிளைகோபைரோலேட் முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். முடிவில் ஓனிக்ஸில் சிக்கிய மைக்ரோகத்தீட்டரை இழுக்கும்போதும் இதே சரிவு வரும், அல்லது குழாய் கிழியும். இழுக்குமுன் சொல்லிவிட்டுத்தான் இழுப்போம், நாங்கள் சொல்ல மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

வேகமாக ஓடும் ஃபிஸ்டுலாவில் பசை நுரையீரலுக்குப் போய்விடும் அபாயம் உண்டு. அப்போது சில விநாடி ஓட்டத்தை நிறுத்த அடெனோசின் கேட்போம், கிலோவுக்கு 0.3 முதல் 0.4 மி.கி., பெரிய சிரையில், சட்டென்று. ஆஸ்துமா, இதய அடைப்பு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். இதயத்தை வெளியிலிருந்து மின்சாரத்தால் தூண்டும் பேடை மார்பில் ஒட்டிவைத்திருங்கள். எம்போலைசேஷனுக்குப் பின் எண்ட் டைடல் சட்டென்று இறங்கி ஆக்சிஜன் அளவும் குறைந்தால், நுரையீரலுக்குப் பசை போயிருக்கிறதா என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும்.

பெரிய ஏ.வி.எம். அடைத்த பிறகு, இத்தனை காலம் குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய சுற்றுமூளைக்குத் திடீரென்று முழு அழுத்தம் போகும். 24 மணி நேரத்துக்கு சராசரியை அடிப்படையைவிட 15 முதல் 20 சதவீதம் குறைவாக வைக்கச் சொல்வோம். இன்னொன்று: டி.எம்.எஸ்.ஓ. நுரையீரல் வழியாக வெளியேறுவதால் ஓரிரு நாள் நோயாளியின் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். வார்டு நர்ஸிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி போன் வரும்.

மீட்பறை

எழுப்புவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

கடைசிக் காயில் பிரிந்ததும் அவசரப்பட்டு எல்லாவற்றையும் அணைக்காதீர்கள். ஷீத்தை எடுத்து அழுத்தும்போதோ, மூடும் கருவி போடும்போதோ இருமினால் தொடை இடுக்கில் ரத்தக்கட்டி. ரெமிஃபென்டனிலை 0.03 முதல் 0.05இல் ஓடவிட்டு, தளர்வை முழுக்க மீட்டு, புரோப்போஃபாலை நிறுத்துங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கும் நிலையில், தன் மூச்சில் டியூபை எடுங்கள். வெடித்த கேஸில் ஹன்ட்-ஹெஸ் (நோயின் தீவிரத்தைச் சொல்லும் படிநிலை) ஒன்று, இரண்டுக்கு மேசையிலேயே எழுப்பலாம். அதற்கு மேல் என்றால் ஐ.சி.யு.வில் பார்த்துக்கொள்ளலாம்.

எழுந்ததும் இரு கைப்பிடி, இரு கால், பேச்சு, பார்வை. பார்வையை ஏன் சொல்கிறேன் என்றால் கான்ட்ராஸ்ட் மூளைப் பின்பகுதியைப் பாதித்துத் தற்காலிகமாகக் கண் தெரியாமல் போவது உண்டு, கேட்காவிட்டால் நோயாளி சொல்லமாட்டார். எதிர்பார்த்த நேரத்துக்கு எழவில்லையா? தளர்வு, கார்பன் டை ஆக்சைடு, சர்க்கரை, வெப்பநிலை இவை நான்கையும் இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்து, அறையை விட்டு வெளியே கொண்டுபோகுமுன் ஒரு ரன்னும் ஒரு சி.டி.யும் கேளுங்கள். ஷீத்தை அதுவரை எடுக்க விடாதீர்கள். அடைப்பு ஏதாவது இருந்தால் மறுபடி உள்ளே போகும் வழி அதுதான்.

வார்டுக்குப் போன பிறகு நாடி ஏறி, பி.பி. இறங்கி, காயம் பார்க்கச் சுத்தமாக இருந்தால் வயிற்றுக்குப் பின்னால் ரத்தம் சேர்கிறதா என்று நினையுங்கள். தொடை இடுக்கு ஊசி சற்று மேலே போயிருந்தால் வீக்கம் வெளியே தெரியாது. முதுகிலும் விலாப்பக்கத்திலும் வலி என்று நோயாளி சொல்வதற்குள் ஹீமோகுளோபின் பாதியாகியிருக்கும்.